பேர் போடாத சாமான்

லிஸ்டை எழுதியது நான். அதனால் நடந்ததில் பாதிப் பழி எனக்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதிப் பாதி பக்கத்து வீட்டு ஜனாபாவுக்கு. அவள் புருசன் காஜா முகைதீன்மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த மனுசனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டு ஆண்கள் சபரில் இருக்கிறார்கள். துபாய், தம்மாம், கத்தார் என்று பிழைக்கப் போவதைத்தான் நாங்கள் சபர் என்போம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. லீவுத் தேதி உறுதியானதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிஸ்ட் போகும். யாருக்கு என்ன வேண்டும் என்று பேர் பேராக இருக்கும். மச்சானுக்கு ட்ரிம்மர், சாச்சிக்கு பிரஷர் பார்க்கிற மிஷின், அக்கா மகனுக்குக் கையில் கட்டினால் எத்தனை அடி நடந்தோம் என்று சொல்கிற வாட்ச். இதெல்லாம் திருநெல்வேலியில் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைக்கும், இன்னும் சல்லிசாகவே கிடைக்கும். ஆனாலும் சபர் பெட்டியிலிருந்து வருகிற சாமானுக்கு ஒரு மவுசு இருக்கிறது. அதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க நான் முயன்று பார்த்துத் தோற்றுவிட்டேன்.

ஆள் வந்து இறங்கிய அன்றே, சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து பெட்டி உடைப்பார்கள். சொந்தக்காரர்கள் கூடியிருக்க, வந்தவரே ஒவ்வொரு சாமானாக எடுத்து, மேலே ஒட்டியிருக்கிற பேரை வாசித்துக் கையில் கொடுப்பார். பேர் ஒட்டாத சாமான் எது வந்தாலும் அது வீட்டுக்காரிக்கு. தைலம், சோப்பு, பால் பவுடர் என்று அப்படி வருகிறதை அவள் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடலாம். என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வழக்கத்தை நம்பித்தான் ஜனாபா மோசம் போனாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். பீடி சுற்றுவாள், குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம், நன்றாகக் காய்ச்சுவாள், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நின்று வெங்காயம் உரிப்பாள். மூன்று வருடமாக அவளுக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. இதைத் தெரிந்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். எனக்கும் அவளாகச் சொல்லவில்லை. ஒருநாள் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அணைக்க ஆளைக் காணோம். என்னவோ ஏதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தால், அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிதானமாக பீடி இலை வெட்டிக்கொண்டிருக்கிறாள். “ஏட்டி ஜனாபா” என்று இரண்டு தடவை கத்தினேன். தோளைத் தொட்ட பிறகுதான் துள்ளி விழுந்தாள். என்னைப் பார்த்தாள், குக்கரைப் பார்த்தாள், உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

“லாத்தா, யார்ட்டயும் சொல்லிராதீய” என்றாள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம்.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்கக் கவனிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலைப் பார்த்த மாதிரிதான் உட்காருவாள். பேசுகிறவர் வாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். எல்லாரும் சிரித்தால் அரை நொடி பிந்திச் சிரிப்பாள். பதில் தெரியாத கேள்விக்குக் குனிந்து பீடி சுற்றுவாள், கேட்டவர்கள் வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்வார்கள். போனை அதிர்கிற மாதிரி வைத்து இடுப்பில் செருகியிருப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் தம்மாமிலிருந்து புருசன் கூப்பிடுவார். “ஆமா, ஆமா, சரி, ஆமா” என்று அரைமணி நேரம் பேசிவிட்டு வைப்பாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், “சொகமா இருக்காவளாம்” என்பாள். வேறு என்ன சொல்லியிருக்கப் போகிறார் என்று எனக்கும் தோன்றும்.

ஏன் இத்தனை மறைப்பு என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அவள் உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நாற்பது வயதுக்குள் காது சுத்தமாகப் போய்விட்டது. இதைக் காரணம் சொல்லித்தான் ஜனாபாவின் தங்கைக்குப் பேசி முடித்த கல்யாணம், பத்திரிகை அடித்த பிறகு நின்றது. ‘செவிட்டுக் குடும்பம்’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிய வார்த்தையை அவள் இருபது வருடமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தாள். இப்போது மகள் முஃபீதாவுக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கிற அலி அஸ்கருக்குப் பேசி, நிச்சயமும் முடிந்து, வாப்பா லீவில் வந்ததும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பையன் தங்கமானவன். அவன் தாய் ரைஹானத் அப்படி லேசுப்பட்ட ஆள் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே, டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“ஒங்க உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் காது கேக்காதாமே மைனி? குடும்பத்துல வருததா?”

ஜனாபா அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கேள்வி புரிந்துவிட்டது. “அது வயசாகி வந்தது மைனி. எங்க யாருக்கும் ஒண்ணும் கெடையாது” என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டீ டம்ளரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நெருங்க நெருங்க அவளுக்கு உதறல் எடுத்தது. “கல்யாண வீட்டுல நூறு பேரு நூறு பக்கத்துலருந்து கூப்பிடுவாவ லாத்தா. எல்லார் வாயவும் நான் எப்படிப் பாப்பேன்? ஒரே நாள்ல தெரிஞ்சு போவும்” என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்றேன். வாசலிலேயே நாலு தெரிந்த முகம் நிற்கும் என்று மறுத்துவிட்டாள். அதுவும் சரிதான், எங்கள் ஊர் ஆட்கள் இல்லாத ஆஸ்பத்திரி எது? கடைசியில் அவளேதான் வழி சொன்னாள். லிஸ்டில் சேர்த்துவிடலாம். பேர் போடாமல் எழுதினால் பெட்டியிலிருந்து நேரே அடுப்படிக்கு வந்துவிடும். காதில் மாட்டி மேலே முக்காடு போட்டுக்கொண்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

“ஒம் புருசன் கேட்டா?”

“வந்த பொறவு தனியா இருக்கையில சொல்லிக்கிடுதேன்.”

அவளுக்குப் போனில் தமிழ் எழுத வராது. நான்தான் எழுதினேன். மொத்தம் பதினைந்து சாமான். பதினாலாவது வரியில், “காதுக்கு வைக்கிற மிஷின். தெளிவாக் கேக்கணும்” என்று எழுதிப் பேர் போடாமல் விட்டேன். மேலே ப்ளூடூத் ஸ்பீக்கர், கீழே பவர் பேங்க். குழுவில் பார்க்கிறவர்கள் ஏதோ பாட்டுக் கேட்கிற சாமான் என்று தாண்டிப் போய்விடுவார்கள் என்பது என் கணக்கு. அப்படித்தான் தாண்டியும் போனார்கள். காஜா முகைதீன் வழக்கமாக ஒவ்வொரு சாமானுக்கும் என்ன கலர், என்ன சைஸ் என்று பத்துக் கேள்வி கேட்பார். இந்தத் தடவை ஒரு கேள்வியும் இல்லை. கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, பகல் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். கல்யாணச் செலவை நினைத்துப் போன லீவுக்கு வராமல் விட்டவர், நாலு வருடம் கழித்து வருகிறார். இளைத்திருந்தார், தாடி பாதி நரைத்திருந்தது. அஸர் முடிந்து வீட்டில் கூட்டம் கூடியது. பெட்டியைத் தூக்கி நடு ஹாலில் வைக்கிற நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கையில் அல்வாப் பெட்டியோடு ரைஹானத் இறங்கினாள், பின்னாலேயே அவள் தங்கைகள் இரண்டு பேர். சபரிலிருந்து வந்த சம்பந்தியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நாளைக்கு வருவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஜனாபா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“லாத்தா, பெட்டிக்குள்ள அது கெடக்கு.”

“பேர் இல்லேல்லா? இங்கனதான் வரும்.”

“அத்தன பேரு முன்னால தூக்கிப் புடிச்சிக்கிட்டு, இது யாருக்குட்டின்னு கேட்டுட்டாவன்னா?”

கேட்கத்தான் கேட்பார் என்று எனக்கும் தோன்றியது. கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. நான் ஹாலுக்குப் போய், ஆண்களுக்கு நடுவில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த காஜாவின் பக்கத்தில் குனிந்து, “தம்பி, பேர் இல்லாத சாமான் எதுவும் இருந்தா வெளிய காட்டாம பைய ஒதுக்கி வச்சிருங்க” என்று காதோரமாகச் சொன்னேன். “சரி லாத்தா, சரி” என்று சிரித்துத் தலையாட்டினார். அப்பாடா என்று வந்து உட்கார்ந்தேன்.

ஜனாபாவுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. ரைஹானத் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். பெட்டி திறந்தது. முதலில் ட்ரிம்மர். பிறகு வாட்ச். அதை வாங்கிய காஜாவின் அக்கா மகன் அங்கேயே கட்டிக்கொண்டு ஹாலுக்குள் நடந்து பார்த்தான், எல்லாரும் சிரித்தார்கள். ஜனாபாவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. பிரஷர் மிஷின் வந்தது. எண்ணெய் இல்லாமல் கோழி பொரிக்கிற அடுப்பு வந்தது. ஸ்பீக்கர் வந்தது. ஒவ்வொரு பெட்டியாக அவர் கையில் எடுக்கும்போதும் பேர் ஒட்டியிருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். எனக்கே இப்படி என்றால் அவளை நினைத்துப் பாருங்கள். ஒரு சத்தமும் காதில் விழாமல், அவர் உதட்டையும் கையையும் மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ரைஹானத் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். ஜனாபா திரும்பவும் முடியாமல், திரும்பாமல் இருக்கவும் முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

துணிகளுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்தார். பேர் இல்லை. ஒதுக்கி வைப்பார் என்று பார்த்தால், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“பேர் இல்லேன்னா மைனிக்குத்தான” என்று ரைஹானத் சிரித்தாள்.

“இது எனக்கு” என்றார் காஜா முகைதீன்.

சபரிலிருந்து வந்தவர் தனக்கென்று ஒரு சாமான் எடுத்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே மொச்சைப் பயறு அளவில் இரண்டு. ஒன்றை எடுத்து வலது காதிலும் மற்றதை இடது காதிலும் வைத்தார். பிறகு எல்லாரையும் பார்த்துப் பேசினார். அந்த மனுசன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ஜெனரேட்டர் ரூம்ல பத்தொம்பது வருசம். நாலு வருசமா எனக்குக் காது சரியாக் கேக்கல. கம்பெனியில தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவான், அதான் மறச்சேன். வீட்டுக்கும் சொல்லல. வெள்ளிக்கெழம போன் போட்டா ஜனாபா பேசுதது பாதி வெளங்காது. ஆமா ஆமான்னு சொல்லி வச்சிருவேன்.” அவள் பக்கம் திரும்பினார். “இவ எப்படியோ கண்டுபிடிச்சிட்டா. ஏன் மறச்சேன்னு ஒரு வார்த்த கேக்கல. லிஸ்டுல ஒரு வரி, பேர் போடாம எழுதி விட்டா. அத வாசிச்சிட்டு ரூம்ல உக்காந்து அழுதேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நான் காதோரமாகச் சொன்னபோது தலையாட்டினாரே, அதுவும் கேட்காமல் ஆட்டிய தலைதான். இவள் ஒரு கூமுட்டை, அவர் ஒரு கூமுட்டை, நடுவில் எழுதிக் கொடுத்த நான் மூணாவது. மூன்று வருடம் வெள்ளிக்கிழமைதோறும் அரைமணி நேரம் இரண்டு பேரும் ஆமா ஆமா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எதற்கு ஆமா என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

ரைஹானத் கண்ணைத் துடைத்தாள். “மிஷின் சத்தத்துல வந்ததுக்கு என்னத்துக்கு வெக்கப்படணும்? ஒழைச்ச ஒடம்பு” என்றாள். ஜனாபாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “பொண்டாட்டின்னா இப்படில்லா இருக்கணும். இந்தத் தாய் வளத்த பிள்ள எங்க வீட்டுக்கு வாரது நாங்க செஞ்ச புண்ணியம்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாங்கள் தப்பித்துவிட்டோம். லிஸ்டில் இருந்த வரி அவருக்காக எழுதியது என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் கெட்ட காது மகளுக்கு வராது. ஜனாபா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இருபத்திரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும், வேறு மிஷின் பிறகு வாங்கிக்கொள்ளலாம். நான் அவள் தொடையில் கையை வைத்து அழுத்தினேன். நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜனாபா என் கையை எடுத்துக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள்.

“அது ஒங்களுக்குன்னு எழுதல” என்றாள். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னாள், தெருவரை கேட்டிருக்கும். “எனக்குன்னு எழுதினது. எனக்குத்தான் காது கேக்காது. மூணு வருசமாச்சு. நீங்க கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாது. நான் ஒண்ணையும் கண்டுபிடிக்கல. எனக்காவ அழாதீய, எனக்குத் தாங்கல.”

அவள் ரைஹானத்தின் பக்கம் திரும்பினாள்.

“மைனி, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எங்க உம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும். முஃபீதாவுக்கு வருமா வராதான்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.”

உள் அறைக் கதவோரம் நின்றிருந்த முஃபீதாவை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்க்க என்னால் முடியவில்லை. ரைஹானத் எழுந்தாள். முகம் செத்துப் போயிருந்தது. தங்கைகள் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதால் ஜனாபாவுக்கு அது எட்டவில்லை. என் கையைப் பிடித்தாள்.

“என்ன சொல்லுதாவ லாத்தா? என்ன சொன்னாவ?”

‘செருப்ப மாட்டுங்க, போவோம்’ என்றுதான் சொன்னாள். அதை நான் எந்த வாயால் சொல்வேன்?

காஜா முகைதீன்தான் அசைந்தார். தன் வலது காதிலிருந்ததை உருவிச் சட்டையில் துடைத்தார். நாலு பேருக்கு முன்னால் பெண்டாட்டியின் நிழலைக்கூட மிதிக்காத மனுசன், அத்தனை ஜனங்களுக்கு முன்னால் அவள் முக்காட்டை ஒதுக்கி, அதை அவள் காதில் வைத்தார். அளவு சேரவில்லை. விழுந்துவிடாமல் அவள் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“மைனி, எதுவா இருந்தாலும் அவகிட்ட நேரா சொல்லிட்டுப் போங்க. ஏச்சா இருந்தாலும் சரி. அவ கேக்கட்டும்.”

ரைஹானத் நிலைப்படியில் நின்றாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. பிறகு மாட்டிய செருப்பையும் உதறிவிட்டு உள்ளே வந்து ஜனாபாவுக்கு எதிரில் நின்றாள்.

“கேக்குதா?”

“கேக்குது மைனி.”

“நல்லாக் கேளுங்க. காது போனது அல்லாஹ் நாடினது. அதுக்கு ஒங்கள ஒரு வார்த்த சொல்ல எனக்கு ரைட்டு கெடையாது. பொய்யி ஒங்க வாயிலருந்து வந்தது. எம் மூஞ்சியப் பாத்து, எனக்கு டீயக் குடுத்துட்டுச் சொன்னீய. என்னைய என்னன்னு நெனச்சீய? காதக் காரணம் சொல்லி ஒரு பொம்பளப் பிள்ளையத் தள்ளிவிட்டுட்டுப் போற ஆளுன்னா? இப்பவும் நீங்க வாயத் தெறக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. தெறந்தீய பாத்தீயளா, அதுக்காவத்தான் திரும்பி வந்தேன். ஆனா மறந்துட்டேன்னு மட்டும் நெனைக்காதீய. கல்யாணத்தன்னைக்குக் கேப்பேன். பேரம் பேத்தி பொறந்த பொறவும் கேப்பேன். வாற போற எடத்துலல்லாம் நாலு பேர வச்சுக்கிட்டுக் கேப்பேன்.”

பேரன் பேத்தி என்ற வார்த்தை என் மண்டையில் ஏற எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள் அறையில் முஃபீதா விசும்புகிற சத்தம் கேட்டது. ரைஹானத்தின் தங்கைகள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அவள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள்.

ஜனாபா காதைப் பொத்திப் பிடித்தபடியே நின்றாள். கண்ணீர் தாடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்க ஒரு கை போதவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒருத்தி பேசியதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, வாயைப் பார்க்காமல், தலை குனிந்துகொண்டே கேட்டிருக்கிறாள்.

“இன்னும் ஏசுங்க மைனி” என்றாள்.